வரிக்கடைசியில் ஒரு மூச்சு

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய முதல் வாரத்திலேயே என் கணவர் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆம்பூரில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஆண்களுக்கு வெள்ளைச் சட்டைதான் உடுப்பு. இரண்டு வருடமாக அது பீரோவின் மேல் தட்டில் மடித்தபடியே கிடந்தது. "இன்னாத்துக்கு இது?" என்று கேட்டேன். கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து, "கச்சேரிக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வேலூரில் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் இருக்கும் ஒரு துளை வழியாக. உள்ளே ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் துளையை அடைத்தால் காற்று அந்த வால்வு வழியாக மேலே போய்ப் பேச்சாக வரும். விரலை எடுத்தால்தான் மறுபடியும் மூச்சு. வரும் குரல் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ போல இருக்கும். நாலு வார்த்தை பேசினால் களைத்துப்போவார்.

அதற்கு முன்னால் அவர் பேஸ் பாடியவர். நாலு குரலில் அடிக் குரல். கடைசி வரிசையில் ஜன்னலோரம் அவர் இடம். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அந்தக் குரலைத்தான் தெரியும், முகம் அப்புறம்தான். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் பிரிவில் கலர் ஸ்ப்ரே அடிக்கும் வேலை. சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "கெமிக்கல்தான்" என்றார்கள். மீதிப் பேர் "மறைவா பீடி குடிச்சிருப்பாரு" என்றார்கள். டாக்டரோ இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு மூன்று கட்சியின் மீதும் கோபம். ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து, ஒரு தையல் விலகியிருந்தாலும் ஜோடியைத் தூக்கித் தள்ளிப் பழகியவள் நான். காரணம் இல்லாத குறையை என் கை ஏற்றுக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒவ்வொரு இடமாக விட்டுக் கழன்றுகொண்டே வந்தார். முதலில் டீக்கடையை விட்டார். பிறகு போன் எடுப்பதை விட்டார். கோயிலுக்கு வருவார், ஆனால் வாசலோரக் கடைசி பெஞ்சில் உட்காருவார், பாட்டுப் புத்தகத்தைத் தொட மாட்டார், கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய் ஸ்கூட்டி பக்கத்தில் நிற்பார். வீட்டில் பாத்திரம் கழுவும்போது நான் முணுமுணுத்தால்கூட வேறு அறைக்குப் போய்விடுவார். நானும் முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன். அப்படிப்பட்டவர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார் என்றால் அது சின்ன விஷயமா?

கச்சேரி வேலூரில். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் மூன்று ஊர்ப் பாடகர் குழுவும் சேர்ந்து பாட வேண்டும். வயலின், செல்லோ எல்லாம் சென்னையிலிருந்து வரும். நடத்துபவர் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த இளைஞர், என் தம்பி வயதுகூட இருக்காது. பாடப்போவது முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் தேவாலய இசை. இயேசு பிடிபடுவதிலிருந்து கல்லறை வரைக்கும் முழுக்கதையும் பாட்டாகவே போகும். ஒருவர் கதை சொல்லுவார், கூட்டம் கத்த வேண்டிய இடத்தில் நாங்கள் கத்துவோம், நடுநடுவே சபைப் பாட்டு வரும். மொழி ஜெர்மன். எங்களுக்குத் தமிழ் எழுத்தில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். தொண்டையில் மீன்முள் சிக்கியது மாதிரி ஒரு சத்தம் அதில் வார்த்தைக்கு வார்த்தை வரும். என் பக்கத்தில் நின்ற வேலூர் நர்ஸம்மா அதை அழகாகச் சொல்லுவார். நான் சொன்னால் இருமுவது போல இருக்கும்.

ஞாயிறு மத்தியானம் ஒத்திகை. அந்தச் சபைப் பாட்டுகளில் ஒன்றை நடத்துபவர் கீபோர்டில் முதன்முதலாக வாசித்தபோது ஆம்பூர்க்காரர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். "தோ, இது நம்ப பாட்டாச்சே!" என்று பின்வரிசையில் யாரோ சத்தமாகவே சொன்னார்கள். மிஷனரிகளோடு கப்பலேறி வந்த மெட்டு அது. எங்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அதற்குத் தமிழ் வரிகள் எத்தனையோ தலைமுறையாக இருக்கின்றன. பெரிய வெள்ளிக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். அம்மாவை அடக்கம் செய்தபோது பாடினோம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து தன் குரலில் கடைசியாகப் பாடியதும் அதே பாட்டுதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நடத்துபவர் சிரித்தார். "மெட்டு உங்களுதுதான். ஆனா நீங்க கோயில்ல பாடறத தயவுசெஞ்சு மறந்துடுங்க" என்றார். காரணமும் சொன்னார். எங்கள் சபையில் ஞானப்பாட்டு பாடினால் ஒவ்வொரு வரிக்கடைசியிலும் நிற்போம். அந்தக் கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் புறப்படுவோம். முன் பெஞ்ச் முடித்துவிட்டாலும் கடைசி பெஞ்ச் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நடத்துபவருக்கு அது ஆகாது. வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கேதான் மூச்சு என்றார். பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டோம். பழக்கதோஷம் விடுமா? ஒவ்வொரு ஞாயிறும் வரிக்கடைசியில் முட்டிக்கொண்டு நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பொறுமையாக மறுபடியும் தொடங்குவார்.

என் கணவர் பேஸ் வரிசையின் ஓரத்தில் நின்றார். பாடவில்லை. உதடு மட்டும் அசையும். எங்கள் ஊர் பேஸ்காரர்கள் அவருக்கு இடம் விட்டு, தாளையும் பங்கு வைத்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாலு ஞாயிறும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு நன்றாக இருந்தது.

ஐந்தாவது ஒத்திகையில் சென்னையிலிருந்து வயலின்கள் வந்துவிட்டன. ஓர் இடத்தில் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு செல்லோ மட்டும் மெல்ல வாசிக்க வேண்டும். அந்த அமைதியில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், பின்னாலேயே சளி அடைத்த இருமல். வாயிலிருந்து வரும் இருமல் இல்லை அது. துளையிலிருந்து வருவது, கையை வாயில் வைத்து மூட முடியாது. நடத்துபவர் கையைத் தாழ்த்தினார். மறுபடியும் தொடங்கினார்கள். மறுபடியும் அதே சத்தம்.

இடைவேளையில் எங்களிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. மொத்தமும் ரெக்கார்ட் பண்றோம். மைக் எல்லாத்தயும் பிடிச்சிடும். நீங்க முன் வரிசையில கெஸ்டா உக்காருங்க."

என் கணவர் கட்டைவிரலை வைத்தார். "சும்மா நிக்கறேன். அவ்ளோதான்."

"நின்னாலும் கேக்குது அங்கிள்."

"முன் வரிசை சோபாவயா கேட்டு வந்தாரு உங்ககிட்ட?" என்று நான் ஆரம்பித்தேன். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நான் நிறுத்திக்கொண்டேன். அந்தத் தம்பி சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தை இன்னும் ஜாஸ்தியாக்கியது. தப்பு செய்தவனோடு சண்டை போடலாம்; சரியாகச் சொல்லுகிறவனை என்ன செய்வது?

பஸ்ஸில் சொன்னேன், "நானும் பாடல. உட்டுடறேன்."

"நீ பாடு" என்றார்.

"உங்களுக்கும் சேத்தா?"

ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். பிறகு விரலை வைத்து, நடுநடுவே எடுத்து எடுத்துப் பேசினார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரேயடியாக அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "எனுக்குச் சேத்து யாராலயும் பாட முடியாது. உனுக்குப் பாடு. நான் வந்து கேக்கறேன். அதோட சரி. அதுக்கப்புறம் கோயிலுக்கு நான் வரல. வூட்லயே ஜெபம் பண்ணிக்கறேன். யாருக்கும் பேஜார் வேணாம்."

அவர் ஒன்று சொன்னால் செய்துவிடுகிற ஆள். டீக்கடையையும் இப்படி ஒரு நாள் பஸ்ஸில் சொல்லித்தான் விட்டார். எனக்குப் பயமாக இருந்தது. கோயிலும் போய்விட்டால் அவருக்கு மிச்சம் இருப்பது கூடத்து நாற்காலியும் டிவியும்தான். புற்றுநோய் கொண்டுபோகாத மனிதரை நான் இப்படித் துண்டு துண்டாகப் பறிகொடுக்கப் போகிறேனே என்று அன்றிரவு அழுதேன். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் லெந்தும் ஒன்றாக வந்தன. மத்தியானம் ஷூ கம்பெனி கேன்டீன் பாதி காலி. என் டேபிளில் எதிரே உட்காரும் அக்கா நோன்பில் உதடு காய்ந்து இருப்பார். நானும் மதியச் சோற்றை விட்டிருந்தேன். "பாட்டு எப்ப? பாயி பாடறாரா?" என்று கேட்டார். எல்லார் வீட்டுக்காரரையும் அவர் பாயி என்றுதான் சொல்லுவார். "இல்லக்கா, கேக்க வர்றாரு" என்றேன். அவர் கையிலிருந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நான் துவா கேக்கறேன்" என்றார். எதற்காக வேண்டப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி. ஆம்பூரிலிருந்து எங்கள் சபையார் இரண்டு பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். டிக்கெட் இல்லை என்றதும் பிள்ளைகுட்டியோடு, தண்ணி பாட்டிலோடு, புளிசாதப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார்கள். பெண்களெல்லாம் லெந்துக்கான வெள்ளைப் புடவை. அந்தப் பழைய கருங்கல் கோயிலின் பாதியை அவர்களே நிரப்பிவிட்டார்கள். ரெக்கார்டிங்குக்காக மின்விசிறிகளை நிறுத்திவிட்டதால் வேலூர் வெயில் உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவர் மைக்கில் சொன்னார்: போனை அணைக்க வேண்டும், நடுவில் நடமாடக் கூடாது, கை தட்டக் கூடாது. எங்கள் ஜனங்கள் போனை அணைத்தார்கள். பிள்ளைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். சொன்னால் கேட்பவர்கள்தான்.

மேடையில், பெண்களின் அடிக் குரலான ஆல்டோ வரிசையிலிருந்து என் கணவரைத் தேடினேன். முன் வரிசையில் இல்லை. இடது பக்கத் தூணோரம், எங்கள் சபையாருக்கு நடுவே, கட்டம்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துளைக்கு மேலே கைக்குட்டையைக் கட்டியிருந்தார், சத்தம் வந்துவிடாமல் இருக்க.

இசை தொடங்கியது. எனக்குப் பெரிய இசை ஞானம் கிடையாது. ஆனால் செல்லோக்களின் அடிக் கம்பிகள் ஒரே சீராக நடக்கத் தொடங்கியதும் ஒரு சவ ஊர்வலத்தின் பின்னால் நானும் நடப்பது போலத்தான் இருந்தது. ஓபோ என்ற குழலை வாசிக்க ஆள் கிடைக்காமல் புல்லாங்குழல் வைத்திருந்தார்கள். அதுவே போதும், அழுதது. இயேசுவைத் தோட்டத்தில் பிடித்தார்கள். சீஷன் மறுதலித்தான். இவரை என்ன செய்ய என்று தேசாதிபதி பிலாத்து கேட்டான். "சிலுவையில் அறையும்" என்று நாங்கள் கத்தினோம். ஒத்திகையில் அதைச் சிரித்துக்கொண்டே கத்தியிருக்கிறேன். அன்று அந்த வெக்கையில், எதிரே எங்கள் ஜனங்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, நாக்கு கசந்தது. நானே அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று தோன்றியது.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. வயலின் முதல் சுரத்தை எடுத்தது, நாங்கள் ஜெர்மனில் வாயைத் திறந்தோம். எதிரே தடதடவென்று ஒரு சத்தம். பெஞ்சுகள் நகரும் சத்தம். எங்கள் சபையார் இரண்டு பஸ்ஸும் மொத்தமாக எழுந்து நின்றுவிட்டார்கள். எங்கள் கோயிலில் அந்தப் பாட்டுக்கு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. கச்சேரி என்றால் என்ன, கர்த்தர் பட்ட பாடு பாடுதானே? எழுந்தவர்கள் சும்மா நிற்கவில்லை. இரண்டாவது சுரத்திலேயே தமிழில் பாடத் தொடங்கிவிட்டார்கள். போன் கூடாது, நடை கூடாது, கைதட்டல் கூடாது என்றார்களே தவிர, பாடக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

முதல் வரி சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் ஒரு வேகம், அவர்கள் ஒரு வேகம். ஒரு வயலின் நின்றேவிட்டது. நடத்துபவர் முகத்தில் ரத்தமே இல்லை. இடது கையால் சபையை அமர்த்துவது போலக் காட்டினார். முதுகைக் காட்டி நிற்பவரின் கையை யார் பார்ப்பது? வரிக்கடைசி வந்தது. நாங்கள் பென்சில் குறியின்படி அடுத்த வரிக்குத் தாவினோம். அவர்கள் தாவவில்லை. வழக்கம்போல நின்றார்கள். முன் பெஞ்ச் நின்று, கடைசி பெஞ்சுக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் நடத்துபவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பியபோது கையின் வீச்சு மாறியிருந்தது. இரண்டாவது வரிக்கடைசியில் கையை மேலே நிறுத்திவிட்டார். வயலின்கள் நின்றன, நாங்கள் நின்றோம், கோயில் முழுக்கக் கடைசி எழுத்து இழுபட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்து சேரும் வரைக்கும் அவர் கை இறங்கவில்லை. நான் அந்தத் தம்பி மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் போனது. திரும்பி வரவே இல்லை.

மூன்றாவது வரியில் தூணோரம் பார்த்தேன். என் கணவரும் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கட்டைவிரல் கழுத்தில் இருந்தது.

இரண்டு வருடம் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். பேச வேண்டும் என்றால் மட்டும்தான் அது அங்கே போகும். வாய் மட்டும் அசைத்தால் விரல் வேண்டாம். அவர் பாடிக்கொண்டிருந்தார். வரிக்கடைசி வந்தது, விரல் விலகியது, நெஞ்சு ஏறி இறங்கியது. அடுத்த வரி, விரல் மறுபடியும் துளையை மூடியது. நாலு வார்த்தைக்கு மேல் தாங்காத அந்த மூச்சுக்கு, வரி ஒவ்வொன்றும் நிற்கிற எங்கள் பாட்டு சரியாக இடம் விட்டது. பென்சில் குறிகளின்படி பாடியிருந்தால் அவர் முதல் வரியிலேயே விழுந்திருப்பார். சுற்றிலும் அத்தனை தொண்டைகள் இரைந்ததால் அவர் இருமினாலும் தெரியாது, சுரம் பிசகினாலும் தெரியாது. பக்கத்தில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் விரல் எழும்போது மூச்சு வாங்கினேன், விரல் இறங்கும்போது பாடினேன். எந்த மொழியில் பாடினேன் என்று கேட்டால் தெரியாது. முகமெல்லாம் நனைந்திருந்தது, வேர்வைதான் என்று நர்ஸம்மாவிடம் அப்புறம் சொன்னேன், அவரும் நம்பினது போல இருந்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தார்கள். கச்சேரி தொடர்ந்தது. இயேசு மரித்தார், அடக்கம் செய்தார்கள், கடைசிச் சுரம் அடங்கியது. கை தட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, யாரும் தட்டவில்லை. சென்னைக்காரர்கள் குனிந்து வணங்கிவிட்டு, அந்த மௌனத்தில் இனி என்ன செய்வது என்று தெரியாமல் வில்லோடு நின்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நடத்துபவர் எங்களைக் கடந்து போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ரெக்கார்டிங் போச்சு, ஆன்ட்டி" என்றார். கவலையா சிரிப்பா என்று தெரியவில்லை. என் கணவரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது என் கணவர் நின்றார். விரலை வைத்தார்.

"கேட்டுச்சா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். வேறு பெண்டாட்டியாக இருந்தால் சொல்லியிருப்பாள். பழுதான ஷூ ஜோடியை நல்லது என்று அனுப்பிவிட எனக்கு வராது, அவருக்கும் அது தெரியும்.

"கேக்கலீங்க" என்றேன். "பாத்தேன்."

பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஜனங்கள் புளிசாதத்தைப் பிரித்தார்கள், பிள்ளைகள் தூங்கினார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பயம்தான். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது, என் பக்கம் சாய்ந்து விரலை வைத்தார்.

"பெரிய வெள்ளிக்கு வேணும். அந்த வெள்ளச் சட்டைய எங்க வெச்ச?"

பீரோவில், என் புடவைகளுக்கு அடியில் என்றேன்.